கரும்பொருள் என்பது பிளாஸ்மாதானா? அண்டத்தின் இரண்டு பற்றாக்குறைகள்

2025 ஜூன் மாதத்தில் ஒரு வானியல் செய்தி உலகைச் சுற்றி வந்தது. அண்டத்தில் காணாமல் போயிருந்த பொருள் கிடைத்துவிட்டது, விண்மீன் திரள்களுக்கு இடைப்பட்ட வெளியில் அது மெல்லிய பிளாஸ்மாவாகப் பரவிக் கிடக்கிறது என்பது அதன் சாரம். செய்தி உண்மைதான். ஆனால் அதைப் படித்த பலர் அடுத்த அடியையும் தாங்களே எடுத்து வைத்துவிட்டார்கள்: கரும்பொருள் என்று சொல்லப்பட்டது வெறும் பிளாஸ்மாதான், இத்தனை ஆண்டுகளும் விஞ்ஞானிகள் இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறார்கள்.

அண்டக் கணக்கில் இருப்பது ஒரு பற்றாக்குறை அல்ல, இரண்டு. முதலாவது, சாதாரணப் பொருளில் ஏற்பட்ட பற்றாக்குறை. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் ஆகியவற்றால் ஆன பொருள் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது, தொலைநோக்கியில் பாதிதான் தென்பட்டது. இரண்டாவது, அந்தச் சாதாரணப் பொருள் மொத்தமும் கைக்கு வந்தாலும் போதாமல், அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் தேவைப்படும் ஈர்ப்பு. கரும்பொருள் என்ற பெயர் இந்த இரண்டாவதுக்கு உரியது. 2025 செய்தி முதலாவதைப் பற்றியது.

இவ்வளவு சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் பிளாஸ்மா ஏன் இரண்டாவது பற்றாக்குறையையும் நிரப்ப முடியாது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்தக் கேள்வி நியாயமானது, அதைக் கேட்டவர்களில் நோபல் பரிசு பெற்றவரும் உண்டு. அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

பிளாஸ்மா என்றால் என்ன?

வாயுவைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். எதிர்மின் எலக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் கலந்து திரியும் அந்த நிலைக்குப் பெயர் பிளாஸ்மா. 1928இல் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மூர் இட்ட பெயர் இது. அதற்கும் முன்பே, 1920இல், எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதற்கான சமன்பாட்டை மேகநாத் சாகா கொடுத்திருந்தார். விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து வெப்பநிலையைச் சொல்லும் வழி அதனால்தான் திறந்தது.

இது வானத்தில் மட்டும் உள்ள சரக்கல்ல. சேலம் உருக்காலையின் மின்வில் உலையில் பழைய இரும்பை உருக்குவது பிளாஸ்மா. சங்ககிரி லாரிப் பட்டறையில் வெல்டிங் கம்பியின் நுனியில் கண்ணைக் கூச வைப்பதும் அதுவே. கோடை மழைக்கு முன் சேர்வராயன் மலையில் இறங்கும் மின்னல் நொடிக்கும் குறைவான நேரம் வாழும் பிளாஸ்மா.

நம் தலைக்கு மேலேயே நிரந்தரமாக ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தொடங்கும் அயனி மண்டலம். சேலத்தில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தது. பகலைவிட இரவில் அது தெளிவாகக் கேட்டதற்கு இந்தப் பிளாஸ்மாதான் காரணம். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, மேலடுக்கு அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். பண்பலை வானொலியின் அதிர்வெண் பல மடங்கு அதிகம் என்பதால் அது அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. பிளாஸ்மா எல்லா ரேடியோ அலைகளையும் ஒரேபோல் நடத்துவதில்லை, அதிர்வெண்ணைப் பார்த்து நடத்துகிறது. கட்டுரையின் நடுப்பகுதியில் இந்தப் பண்பு முக்கியமான சாட்சியாக வரும்.

சூரியன், விண்மீன்கள், அவற்றுக்கு இடைப்பட்ட வாயுவில் பெரும்பகுதி எல்லாம் பிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியும் அண்டத்தில் 99 சதவீதம் பிளாஸ்மா என்று பாடப்புத்தகங்கள் சொல்வது சரியே. தடுமாற்றம் தொடங்குவதும் இந்த வாக்கியத்தில்தான். சாதாரணப் பொருளில் 99 சதவீதம் என்பதை அண்டத்தில் 99 சதவீதம் என்று படித்துவிடுகிறோம். பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டின்படி அண்டத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 சதவீதம், கரும்பொருள் 26 அல்லது 27 சதவீதம், மிச்சம் கரும் ஆற்றல், அதாவது அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இனம்புரியாத ஆற்றல். பிளாஸ்மா முழுவதும் அந்த 5 சதவீதத்துக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதை மறுபடி எடுத்துக் கரும்பொருள் பத்தியிலும் எழுதினால் ஒரே வரவை இரண்டு முறை எழுதியதாகும்.

கரும்பொருள் ஏன் தேவைப்பட்டது?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்தை உள்பக்கமாக இழுத்துப் பிடிப்பது டயருக்கும் தாருக்கும் உள்ள உராய்வு. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடி நான்கு மடங்கு. பேருந்தின் வேகமும் வளைவின் அளவும் தெரிந்தால், பிடி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சாலையைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

வானியலாளர்கள் செய்வது இதுதான், அங்கே பிடி என்பது ஈர்ப்பு. சூரியக் குடும்பத்தில் நிறை முழுவதும் நடுவில் இருப்பதால், விலகிப் போகப் போகப் பிடி தளர்கிறது. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, நெப்டியூன் 5.4 கிலோமீட்டரில். விண்மீன் திரளிலும் ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது. எனவே ஓரத்து விண்மீன்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

சுற்றவில்லை. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா திரளை அளந்தபோது ஓரம் வரை வேகம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. (25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்தத் திரளை ஏற்காட்டிலிருந்து வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நவம்பர் மாதம், நிலவில்லாத இரவு, ஒன்பது மணிவாக்கில் வடக்கே நல்ல உயரத்தில் ஒரு மங்கல் தீற்றலாகத் தெரியும். சேலத்து வெளிச்சம் தெற்கு வானத்தைத்தான் கெடுக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.) அதற்கு நெடுங்காலம் முன்பே, 1933இல், ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, விண்மீன் திரள்கள் பல கூடிய கோமா கொத்தில் இதைவிடப் பெரிய அளவில் இதே முரணைக் கண்டார். அங்கே முழு முழுத் திரள்களே, கொத்தை விட்டுச் சிதறிப் போயிருக்க வேண்டிய வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆக, கண்ணுக்குப் படாத பிடி ஒன்று இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பிளாஸ்மா தரப்பு என்ன சொல்கிறது?

ஸ்வீடன் இயற்பியலாளர் ஹானஸ் ஆல்ஃபன், காந்தப்புலத்தில் பிளாஸ்மா எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கான அறிவியலை உருவாக்கியதற்காக 1970இல் நோபல் பரிசு பெற்றவர். வானியலாளர்கள் ஈர்ப்பை மட்டுமே நம்பி மின்னோட்டங்களை மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய நீண்டகால மனத்தாங்கல். அந்த மனத்தாங்கலில் நியாயம் இருந்தது. விண்வெளிக் காந்தப்புலங்களைப் பற்றி அவர் சொன்ன பலவும் முதலில் மறுக்கப்பட்டுப் பின்னர் ஏற்கப்பட்டன. அவர் வழிவந்த அந்தோணி பெராட் 1980களில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக் கணினிகளில், இரண்டு மாபெரும் மின்னோட்ட இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சுழன்று சுருள் திரள்போல் மாறுவதை உருவகப்படுத்திக் காட்டினார். சமமான சுழற்சி வேகமும் அதில் வந்தது. அதன்படி கரும்பொருளே தேவையில்லை.

இந்தத் தரப்பின் வாதத்தில் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஈர்ப்புக்குப் பதிலாக மின்காந்த விசை பிடியைத் தருகிறது. மற்றொன்று, பிளாஸ்மாவின் நிறையே கணக்கில் விடுபட்ட நிறை. இரண்டையும் பிரித்துத்தான் சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றை மறுக்கும் சான்று மற்றொன்றைத் தொடாது.

முதல் கூற்று: மின்காந்தம் திரளைச் சுழற்றுமா?

1. சூரியனையே எடுத்துக்கொள்வோம். பால்வழித் திரளின் நடுவைச் சுற்றி அது நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்தப் பாதையில் அதைப் பிடித்து வைக்க ஏறத்தாழ 4×10²⁰ நியூட்டன் விசை வேண்டும். கரும்பொருளின் பங்கு அதில் ஒரு பகுதிதான். தாராளமாகக் கால் பங்கு, அதாவது 10²⁰ நியூட்டன் மட்டும் மின்காந்தம் தந்தால் போதும் என்று வைப்போம். நம் பகுதியில் திரளின் காந்தப்புலம் சில மைக்ரோ காஸ், பூமியின் புலத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. இந்தப் புலத்தில் இந்த வேகத்தில் போகும் சூரியன் அவ்வளவு விசையை உணர, அதன்மேல் ஏறத்தாழ 10²⁴ கூலும் மின்னூட்டம் இருக்க வேண்டும். இங்கேதான் விஷயம் உடைகிறது. சூரியனின் ஈர்ப்பு தன்னைத்தானே கட்டிப்பிடித்து வைக்கக்கூடிய மின்னூட்டத்தின் உச்ச வரம்பு 2×10²⁰ கூலும்கூட இல்லை. அதற்கு மேல் போனால் ஒத்த மின்னூட்டங்களின் விலக்கு விசை ஈர்ப்பை வென்று சூரியனைச் சிதறடித்துவிடும். நமக்குத் தேவைப்படுவதோ அதைப்போல 5,000 மடங்கு. அப்படி ஒரு சூரியன் ஒரு கணமும் நிலைக்காது.

2. ஒரு பேச்சுக்கு அந்த மின்னூட்டத்தைக் கொடுத்துவிட்டாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஒரே தொலைவில் சுற்றும் சிறிய விண்மீனும் பெரிய விண்மீனும் வாயு மேகமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஈர்ப்பில் இது தானாக நடக்கும், ஏனென்றால் இழுக்கும் விசையும் நிறைக்கு ஏற்ப, அசைய மறுக்கும் தன்மையும் நிறைக்கு ஏற்ப. மின்காந்தத்தில் இது நடக்க, திரளில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் நிறைக்குச் சரியாகப் பொருந்தும் மின்னூட்டத்தைப் பெற்றிருக்க வேண்டும். யார் அளந்து கொடுத்தது? அதிலும், திரளின் வெளியோரத்தில் வேகத்தை அளக்க முக்கியமாக உதவுவது 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை உமிழும் ஹைட்ரஜன். அது அயனியாகாத, மின்நடுநிலை கொண்ட ஹைட்ரஜன்.

3. காந்தப்புலம் வாயுவைச் சிறிதாவது இழுக்காதா என்றால், இழுக்கும். நடுநிலை வாயுவிலும் சில அயனிகள் கலந்திருப்பதால் புலத்தின் இழுவை மோதல் வழியாக எல்லாவற்றுக்கும் பரவும். 1992இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இதையே வைத்து, சமச்சுழற்சிக்குக் காந்தப்புலம் காரணமாகலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். பிளாஸ்மா தரப்பில் என் மதிப்பில் நின்று வாதாடத் தகுந்த கூற்று இது ஒன்றுதான். இதை வீழ்த்தியது வாயுவே இல்லாத சின்னஞ்சிறு திரள்கள். ஏறத்தாழ 2.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் பால்வழியைச் சுற்றிவரும் டிராகோ குறுந்திரளில் வாயுவும் இல்லை, பிளாஸ்மாவும் இல்லை, பழைய விண்மீன்கள் மட்டுமே. அந்த விண்மீன்களின் நிறைக்கு அவை நொடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் அலைந்தால் சரி. அலைவது 9 கிலோமீட்டர் வாக்கில். கரும்பொருளின் விகிதம் மிக அதிகம் என்று தெரியவந்த இடங்களில் இதுவும் ஒன்று, பிளாஸ்மாவுக்கோ இங்கே வேலையே இல்லை.

இரண்டாவது கூற்று: பிளாஸ்மாவின் நிறை விடுபட்டுவிட்டதா?

விசையை விட்டுவிடுவோம், நிறையைப் பார்ப்போம். இருட்டில், மிக மெல்லியதாக, ஏராளமான பிளாஸ்மா ஒளிந்திருந்தால்? இதை மறுக்கும் வழிகள் பல. காரணம் எளியது: பிளாஸ்மாவுக்கு ஒளியத் தெரியாது. உதகையில், முத்தோரை மலைச்சரிவில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி பல ஆண்டுகளாகச் செய்துவருவதே இதற்கு அத்தாட்சி. தொலைதூர ரேடியோ மூலங்கள் எப்படிக் கண்சிமிட்டுகின்றன என்பதை வைத்து, இடையில் உள்ள சூரியக் காற்றின் பிளாஸ்மா எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வேகம் என்று அது அளந்துவிடுகிறது.

4. சூடான பிளாஸ்மா எக்ஸ் கதிரில் ஒளிரும். கொத்துகளில் திரள்களுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மா நிறைந்திருக்கிறது. அதன் நிறை அங்குள்ள விண்மீன்கள் எல்லாவற்றின் நிறையைப்போலப் பல மடங்கு. பிளாஸ்மா தரப்பு மகிழ வேண்டிய செய்திதான், ஆனாலும் கொத்தின் மொத்த நிறையில் அது ஆறில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. மொத்தமும் அதுவே என்றால் அடர்த்தி ஆறு மடங்கு கூட வேண்டும். எக்ஸ் கதிர் ஒளிர்வு அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால் கொத்துகள் இப்போது இருப்பதைவிட 36 மடங்கு பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை. போதாக்குறைக்கு, இத்தனை சூடான வாயு கொத்தைவிட்டுத் தப்பியோடாமல் இருப்பதற்கே கூடுதல் ஈர்ப்பு தேவைப்படுகிறது. கரும்பொருளுக்கு மாற்றாக அழைத்து வந்த சாட்சி கரும்பொருளுக்காகவே பேசிவிட்டுப் போகிறது.

5. குளிர்ந்த அல்லது மிக மெல்லிய பிளாஸ்மா எக்ஸ் கதிரில் தெரியாதே என்று கேட்கலாம். இலங்கை வானொலியில் கண்ட பண்பு இங்கே உதவிக்கு வருகிறது. அதிவேக ரேடியோ வெடிப்பு என்று ஒன்று உண்டு. ஏதோ ஒரு தொலைதூரத் திரளிலிருந்து, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் ரேடியோத் துடிப்பு அது. கிளம்பும்போது எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கிளம்புகின்றன. வழியில் உள்ள பிளாஸ்மா குறைந்த அதிர்வெண்ணை அதிகமாகத் தாமதப்படுத்துகிறது. தாமதத்தை அளந்தால் வழியில் எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்து வந்தது என்று தெரிந்துவிடும். அந்த எலக்ட்ரான்கள் சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும், ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் எல்லாம் கணக்கில் வந்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு. 500 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒரு வெடிப்பில், 1.4 கிகாஹெர்ட்ஸ் அலை வந்து சேர்ந்தபின் 1.2 கிகாஹெர்ட்ஸ் அலை வந்து சேர, திரள்களுக்கு இடைப்பட்ட பிளாஸ்மாவால் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஆக வேண்டும். சாதாரணப் பொருள் 5 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கரும்பொருள் முழுவதும் பிளாஸ்மாவாக இருந்தால் அதே இடைவெளி இரண்டு நொடிகளைத் தாண்டும். மூன்றில் ஒரு நொடியையும் இரண்டு நொடியையும் பிரித்தறிய நுட்பமான கருவிகூட வேண்டாம். ஆஸ்திரேலியத் தொலைநோக்கியைக் கொண்டு ஜான்-பியர் மக்கார்ட் குழுவினர் 2020இல் அளந்தபோது விடை 5 சதவீதக் கணக்கோடு பொருந்தியது.

அந்தப் பிளாஸ்மா எத்தனை மெல்லியது என்றும் சொல்லிவிட வேண்டும். அண்டத்தின் சாதாரணப் பொருள் முழுவதையும் சீராகப் பரப்பினால் நான்கு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான் கிடைக்கும். இதையே எண்ணி எடுத்துவிட்டார்கள். இதைப்போல ஐந்து மடங்கு ஒளிந்திருக்க இடமில்லை.

6. மூன்றாவது சான்று படமாகவே கிடைத்தது. ஏறத்தாழ 380 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கொத்துகள் நேருக்கு நேர் மோதி ஒன்றையொன்று கடந்துவிட்டன. புல்லட் கொத்து என்று பெயர். மோதலில் பிளாஸ்மாவும் பிளாஸ்மாவும் உராய்ந்து வேகம் குறைந்து நடுவிலேயே தங்கிவிட்டது. சந்திரா எக்ஸ் கதிர் விண்கலத்தின் படத்தில் அது அம்பு முனைபோலத் தெரியும். விண்மீன் திரள்களோ, ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி இருந்ததால், மோதாமல் கடந்து இரண்டு பக்கமும் போய்விட்டன. இப்போது நிறை எங்கே இருக்கிறது? நிறையின் ஈர்ப்பு ஒளியை வளைக்கும். பின்னணியில் உள்ள திரள்களின் ஒளி எங்கே எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து 2006இல் டக்ளஸ் க்ளோ குழுவினர் நிறை வரைபடம் போட்டார்கள். சாதாரணப் பொருளில் பெரும்பங்கு நடுவில் தேங்கிய பிளாஸ்மாதான், எனவே கரும்பொருள் என ஒன்று இல்லையென்றால் நிறையின் உச்சி அங்கேதான் விழ வேண்டும். விழுந்ததோ இரண்டு பக்கத்துத் திரள்களின் மேல்.

பிளாஸ்மாவே ஒளியை வளைத்திருக்கலாமே என்ற எதிர்வாதமும் உண்டு. பிளாஸ்மா வளைப்பது அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த விளைவு அற்பம். ஈர்ப்பு எல்லா அலைநீளத்தையும் ஒரேபோல் வளைக்கும். கண்டது இரண்டாவது வகை.

முதல் சில நிமிடங்கள் போட்ட வரம்பு

இதுவரை பார்த்தவை இன்றைய அண்டத்தைத் துழாவித் தேடிய சான்றுகள். தேடாமலேயே வரம்பு கட்டும் வழியும் இருக்கிறது, எனக்கு இதுவே எல்லாவற்றிலும் வலுவானதாகத் தோன்றுகிறது.

7. அண்டம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இணைந்து டியூட்டீரியமும் (ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கன ஹைட்ரஜன்), அதிலிருந்து ஹீலியமும் உருவாயின. சாதாரணப் பொருள் நெருக்கமாக இருந்திருந்தால் டியூட்டீரியம் ஏறத்தாழ முழுவதும் ஹீலியமாகிவிடும். நெருக்கம் குறைவு என்றால் டியூட்டீரியம் எஞ்சும். இன்றைக்கு, குவேசார்கள் எனப்படும் மிகப் பிரகாசமான தொலைதூரத் திரள் மையங்களின் ஒளி கடந்து வரும் பழைய வாயு மேகங்களில், ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ 2.5 டியூட்டீரியம் அணுக்கள் இருப்பது தெரிகிறது. இந்த எஞ்சிய அளவுக்குப் பொருந்தும் சாதாரணப் பொருள் 5 சதவீதம் மட்டுமே. பிளாஸ்மா எங்கே ஒளிந்திருந்தாலும், எவ்வளவு குளிர்ந்து கிடந்தாலும், அது புரோட்டானால் ஆனது. அந்தப் புரோட்டான்கள் எல்லாம் முதல் நிமிடங்களில் அங்கே இருந்திருக்க வேண்டும். இப்போது கண்டுபிடிக்கப்படுவது எதுவானாலும் அந்தத் தொகையைத் தாண்ட முடியாது.

8. அண்டத்துக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆகும்வரை அது முழுவதும் பிளாஸ்மாவாகவே இருந்தது. வெப்பம் 3,000 டிகிரிக்கு இறங்கியபோதுதான் எலக்ட்ரான்கள் அணுக்களில் அமர்ந்தன, ஒளி விடுபட்டது. நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சாக நாம் இன்று பிடிப்பது அந்த ஒளியைத்தான். அந்த நேரத்தில் அடர்த்தியின் ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு வாக்கில். பிளாஸ்மா ஒளியோடு பிணைந்து கிடந்ததால் அதற்குமுன் அது சரியாகக் குவிய முடியவில்லை. அதன்பின் அண்டம் ஏறத்தாழ 1,100 மடங்கு விரிந்திருக்கிறது, ஏற்ற இறக்கமும் அதிகபட்சம் அதே மடங்குதான் வளரும். பெருக்கினால் நூற்றில் ஒரு பங்கு. அதாவது, பிளாஸ்மா மட்டுமே இருந்த அண்டத்தில் இன்றைக்கும் ஒரு சதவீத ஏற்ற இறக்கம்தான் இருந்திருக்கும். பால்வழி இல்லை, சூரியன் இல்லை, சேர்வராயன் மலையும் இல்லை. ஒளியோடு பிணையாத, முன்கூட்டியே குவியத் தொடங்கிய ஒன்று வேண்டியிருக்கிறது. பிளாஸ்மாவின் இலக்கணமே ஒளியோடு உறவாடுவது என்பதால், அந்த ஒன்று பிளாஸ்மாவாக இருக்க வழியில்லை.

அப்படியானால் 2025இல் கிடைத்தது எது?

முதல் பற்றாக்குறையின் கடைசி வரவு. 5 சதவீதத்தில் விண்மீன்களிலும் திரளுக்குள் உள்ள குளிர்ந்த வாயுவிலும் இருப்பது பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான். மிச்சம் எங்கே என்பது பல பத்தாண்டு வழக்கு. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள தொலைநோக்கித் தொகுதியைக் கொண்டு பல ரேடியோ வெடிப்புகளை ஆராய்ந்தவர்கள், சாதாரணப் பொருளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு திரள்களுக்கு இடைப்பட்ட வெளியில் இருக்கிறது என்று கண்டார்கள். அதே மாதத்தில், ஷேப்லி பெருங்கொத்தில் நான்கு கொத்துகளை இணைக்கும் 2.3 கோடி ஒளியாண்டு நீளமுள்ள சூடான பிளாஸ்மா இழை ஒன்றின் எக்ஸ் கதிரும் பிரித்தறியப்பட்டது. அதன் நிறை நம் பால்வழியைப்போலப் பத்து மடங்கு.

இரண்டும் பெரிய வெற்றிகள். இரண்டும் கரும்பொருள் கணக்கில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கவில்லை. சொல்லப்போனால் அதை உறுதியாக்கின, ஏனென்றால் டியூட்டீரியம் சொன்ன 5 சதவீதம் அப்படியே தேறிவிட்டது.

இனி பிளாஸ்மாவுக்கு என்ன வேலை?

கரும்பொருள் துகள் எதுவும் இன்னும் பிடிபடவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக்கொண்டு, அதில் அப்படியொரு துகள் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். ஈர்ப்பு விதியையே திருத்தலாம் என்று 1983இல் மோர்டெஹாய் மில்குரோம் முன்வைத்த வழியும் விவாதத்தில் இருக்கிறது, ஆனால் கொத்துகளில் அது தடுமாறுகிறது. கரும்பொருளுக்கென்று தனி மின்காந்தம் இருந்து அதுவே ஒருவகைக் கரும் பிளாஸ்மாவாக இருக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. அது நாம் பேசிவந்த பிளாஸ்மா அல்ல, பெயர் மட்டும் கடன் வாங்கியது. புல்லட் கொத்தில் கரும்பொருள் தன்னோடு தான் மோதாமல் கடந்து போனது அந்த யோசனைக்கும் இறுக்கமான வரம்பு போடுகிறது.

நாம் அறிந்த பிளாஸ்மா இந்த ஆய்வில் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, தொந்தரவாக. திரள்களின் நடுவில் உள்ள கருந்துளைகளும் வெடிக்கும் விண்மீன்களும் பிளாஸ்மாவை வெகுதூரம் வெளியே தள்ளுகின்றன. நான்கில் மூன்று பங்கு வெளியே கிடப்பது அதனாலும்தான். தள்ளப்பட்ட பிளாஸ்மா நிறையின் பரவலை மாற்றிவிடுவதால், யூக்ளிட் விண்கலமும் சிலி நாட்டில் உள்ள வேரா ரூபின் வானாய்வகமும் ஒளி வளைவிலிருந்து கரும்பொருளை வரையும்போது இந்தத் தள்ளலை முதலில் கழித்தாக வேண்டும். ரேடியோ வெடிப்புகளைக் கொண்டு பிளாஸ்மாவை எண்ணுவது அந்தக் கழித்தலுக்கு நேரடியாக உதவுகிறது.

மற்றொன்று, பொறியாக. கரும்பொருள் ஆக்சியான் என்ற மிக இலேசான துகளாக இருந்தால், வலிய காந்தப்புலத்தில் அது ரேடியோ அலையாக மாறக்கூடும். மாறுவதற்கு அங்குள்ள பிளாஸ்மாவின் அடர்த்தி துகளின் நிறைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். நியூட்ரான் விண்மீன்களைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவில் அடர்த்தி படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதால், ஏதோ ஓர் உயரத்தில் அந்தப் பொருத்தம் அமைந்துவிடும். அப்படி அமைந்தால் குறிப்பிட்ட ஒரே அதிர்வெண்ணில் மெல்லிய ரேடியோக் கோடு ஒன்று தெரிய வேண்டும். அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் தொலைநோக்கிகளைக் கொண்டு தேடி, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். கோடு தென்படவில்லை. அந்த அதிர்வெண்களுக்கு உரிய ஆக்சியான் எவ்வளவு வலுவாக ஒளியோடு உறவாடலாம் என்பதற்கு ஒரு மேல்வரம்பு மட்டும் கிடைத்தது. பிற அதிர்வெண்களில் தேடல் தொடர்கிறது.